நூற்றுக்கணக்கான வான்படங்களை ஒரே தடவையில் தெரிவு செய்து அடுக்குவது எப்படி? கொழும்பில் படமெடுப்போருக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் வடிகட்டி எதுவும் போடாமல், எஃப்/5 அளவிலான தொலைநோக்கியில் ஒரு படத்தை நீண்ட நேரம் திறந்து வைத்தால் பின்னணி வெளிறிப்போய்விடும். வெள்ளவத்தை மொட்டை மாடியானாலும் கொட்டாஞ்சேனை பல்கனியானாலும் இதுதான் நிலைமை. அதனால் இங்கே எல்லோரும் குறுகிய படங்களை நிறைய எடுத்து, பிறகு மென்பொருளால் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்து ஒரே படமாக்குகிறார்கள். இதுதான் அடுக்குதல். 30 செக்கன் வீதம் இரண்டு மணி நேரம் என்றால், இடைவெளிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், 240 கோப்புகள். ஸீஸ்டார் போன்ற தானியங்கித் தொலைநோக்கியில் 10 செக்கன் வீதம் என்றால் 720. வானத்தை எடுத்த இந்தப் படங்களுக்கு லைட் என்று பெயர். இவற்றோடு டார்க் (மூடியைப் போட்டு, லைட்டின் அதே வெளிச்ச நேரத்தில் எடுப்பது), ஃப்ளாட் (சீரான வெளிச்சத்தை எடுப்பது), பயஸ் (மூடியைப் போட்டு மிகக் குறுகிய நேரத்தில் எடுப்பது) என்ற திருத்தப் படங்கள் இன்னும் ஒரு நூறு சேரும்.

அடுக்கும் மென்பொருளுக்கு நட்சத்திரம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும். நட்சத்திரமே இல்லாத லைட்டை, படங்களை ஒன்றோடொன்று பொருத்தும்போது அது ஒதுக்கிவிடும். ஆனால் வேறு வெப்பநிலையில் எடுத்த பத்து டார்க்குகள் உள்ளே கலந்திருந்தாலோ, ஒரே படம் இரண்டு தடவை வந்திருந்தாலோ, போன மாத ஃப்ளாட்டுகள் இந்த மாதக் கோப்புறையில் கிடந்தாலோ அது வாய் திறக்காது. எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்துக் கையில் தந்துவிடும். எனவே இந்த வேலை முழுவதற்கும் ஒரே விதிதான்: ஒவ்வொரு படியிலும் கோப்புகளின் எண்ணிக்கை நீங்கள் எதிர்பார்த்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அடுத்த பட்டனை அழுத்தக் கூடாது. ஒரு தாளில் லைட் 240, டார்க் 30, ஃப்ளாட் 30, பயஸ் 50 என்று முதலில் எழுதி வையுங்கள்.

கீழே சொல்பவை விண்டோஸ் கணினியை மனதில் வைத்தவை. மேக் கணினியில் கண்ட்ரோல் விசைக்குப் பதிலாகக் கமாண்ட் விசை; மற்றவை பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்

பாதியில் நின்றுபோகும் வேலைகளுக்கு மிகச் சாதாரணமான காரணம் வன்தட்டில் இடமில்லாமை. சோனியின் ஐஎம்எக்ஸ்571 சென்சர் உள்ள நிறக் கமரா 6248 × 4176 பிக்செல் தரும். 16 பிட்டில் ஒரு ஃபிட்ஸ் கோப்பு (வானியல் படங்களுக்கான கோப்பு வகை) ஏறக்குறைய 52 எம்பி. சிரில் என்ற அடுக்கும் மென்பொருள் அதை நிறம் பிரித்து 32 பிட்டில் எழுதும்போது மூன்று நிறங்களுக்கும் சேர்த்து 313 எம்பி ஆகிவிடும். 100 லைட்டுகள் என்றால் மூலக் கோப்புகள் 5 ஜிபி, கலிப்ரேஷன் (டார்க், ஃப்ளாட், பயஸ் திருத்தம்) முடிந்தவை 31 ஜிபி, பொருத்தி முடிந்தவை இன்னொரு 31 ஜிபி. ஆக 70 ஜிபி வெறுமையாக இருக்க வேண்டும். 6000 × 4000 பிக்செல் உள்ள சாதாரண டிஎஸ்எல்ஆர் கமராவிலும் ஒரு படம் 288 எம்பி வரை வீங்கும். இடம் பற்றாதவர்கள் சிரிலின் பிரிஃபரன்சஸ் பகுதியில் 16 பிட்டைத் தெரிவு செய்தால் பாதியாகக் குறையும். மங்கிய நெபுலாவுக்கு 32 பிட்டே நல்லது.

வேலையைப் பென் டிரைவில் வைத்துச் செய்யாதீர்கள். வேகம் போதாது என்பதோடு, பல பென் டிரைவ்கள் ஃபாட்32 முறையில் வருகின்றன. அதில் தனிக் கோப்பொன்று 4 ஜிபியைத் தாண்ட முடியாது. வெளியே இணைக்கும் எஸ்எஸ்டி இருந்தால் என்டிஎஃப்எஸ் முறையில் அமைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டெஸ்க்டொப்பிலோ பிக்சர்ஸ் கோப்புறையிலோ வேலையை வைத்தால் பல கணினிகளில் ஒன்டிரைவ் அதைத் தானாகவே இணையத்துக்கு ஏற்றத் தொடங்கும். 60 ஜிபி தற்காலிகக் கோப்புகளுக்காக மாதத்துக்குரிய டேட்டா முழுவதும் ஒரே இரவில் கரைந்துபோகும். அது மட்டுமல்ல, இடம் மிச்சப்படுத்துவதற்காக ஒன்டிரைவ் சில கோப்புகளின் பெயரை மட்டும் கணினியில் விட்டுவைத்து உள்ளடக்கத்தை மேலே வைத்திருக்கும். பட்டியலில் 240 தெரியும். படிக்கப் போனால் இணையத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்க வேண்டும்.

கோப்புறையும் பெயரும்

சி டிரைவின் மேல்மட்டத்திலேயே ஒரு சிறிய கோப்புறை போதும். அதற்குள் வான்பொருளின் பெயர், அதற்குள் திகதி, அதற்குள் நான்கு கோப்புறைகள்: லைட்ஸ், டார்க்ஸ், ஃப்ளாட்ஸ், பயஸஸ். இந்த நான்கு பெயர்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்தில், பன்மையில் எழுதுங்கள்: lights, darks, flats, biases. சிரிலின் ஸ்கிரிப்டுகள் அந்தப் பெயர்களைத்தான் தேடும்.

பெயரைத் தமிழில் வைக்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஃபிட்ஸ் கோப்பைப் படிக்கும் சில மென்பொருட்கள் ஆங்கிலம் அல்லாத எழுத்துள்ள பாதையில் தடுமாறுகின்றன. இடைவெளி, அடைப்புக்குறி இரண்டையும் தவிருங்கள். ஃபிட்ஸ் படிப்பதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள் தொகுதி, பெயரில் வரும் அடைப்புக்குறியை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடியது. ஒரே கோப்பு இரு தடவை இறங்கும்போது பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் ஓர் எண் சேரக்கூடும் என்பதால், "கோப்பு இருக்கிறது, ஆனால் திறக்க முடியவில்லை" என்ற பிழை அங்கே பிறக்கலாம். பாதையின் முழு நீளம் 260 எழுத்துகளைத் தாண்டினாலும் பல மென்பொருட்கள் கைவிரித்துவிடும்.

திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதினால் பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும். மாலை தொடங்கிய நாளின் திகதியையே முழு இரவுக்கும் வையுங்கள். இதில் இலங்கைக்கு ஒரு வசதி உண்டு. ஃபிட்ஸ் தலைப்பில் (கோப்பின் தொடக்கத்தில் உள்ள தகவல் பகுதியில்) எழுதப்படும் நேரம் உலகப் பொது நேரம். நமது நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். மாலை 7 மணிக்குத் தொடங்கி விடியற்காலை 5 மணிக்கு முடித்தால், தலைப்பில் அது 13:30 முதல் 23:30 வரை, ஒரே திகதிக்குள் அடங்கிவிடும். ஆனால் கமராவும் விண்டோஸும் உள்ளூர் நேரத்தைக் காட்டுவதால் நள்ளிரவில் திகதி மாறும். திகதி பார்த்து வடிகட்டித் தெரிவு செய்பவர்கள் இரவின் பாதியை விட்டுவிடுவது இதனால்தான். நைனா மென்பொருளால் படமெடுப்போர், கோப்புப் பெயர் வடிவத்தில் பன்னிரண்டு மணி நேரத்தைக் கழிக்கும் திகதிக் குறியைப் போட்டால் இந்தச் சிக்கலே எழாது. அதே இடத்தில் வெளிச்ச நேரம், கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் அளவு), சென்சர் வெப்பநிலை மூன்றையும் பெயருக்குள் சேருங்கள். விண்டோஸுக்கு ஃபிட்ஸ் தலைப்பைப் படிக்கத் தெரியாது. பெயரில் இருப்பதை மட்டுமே அதனால் தேட முடியும்.

மெமரி அட்டையிலிருந்து இறக்கும்போது

கெனன் கமராவில் படங்கள் 9999 வரை போய்த் திரும்பவும் 0001 இலிருந்து தொடங்கும். புதிய கோப்புறையும் உருவாகும். இரண்டு கோப்புறைகளையும் அப்படியே ஒன்றாகக் கொட்டினால், 0001 முதலான பின்னிரவுப் படங்கள் முன்னிரவுப் படங்களுக்கு மேலே போய் நிற்கும். வேறு அட்டையில் அதே எண் ஏற்கெனவே இருந்தால் விண்டோஸ் "மாற்றவா, தவிர்க்கவா" என்று கேட்கும். இரண்டுமே தவறு. வேலையை நிறுத்தி, இரண்டையும் தனித்தனிக் கோப்புறையில் இறக்குங்கள்.

கமரா, ரோவும் (கமராவின் மூலப் படக் கோப்பு) ஜேபெக்கும் சேர்த்துப் பதிவு செய்யும் அமைப்பில் இருந்தால் ஒவ்வொரு படமும் இரண்டு தடவை வரும். எக்ஸ்புளோரரில் டீடெய்ல்ஸ் தோற்றத்துக்கு மாறி, டைப் என்ற நிரலின் (நெடுவரிசையின்) தலைப்பை ஒரு தடவை கிளிக் செய்யுங்கள். ஜேபெக் எல்லாம் ஒன்றுசேர்ந்துவிடும். அப்படியே வேறிடத்துக்கு நகர்த்துங்கள். ஸீஸ்டாரில் தனிப் படங்கள் வான்பொருளின் பெயரோடு "சப்" என்று முடியும் கோப்புறையில் இருக்கும். அங்கேயும் ஒவ்வொரு ஃபிட்ஸ் கோப்புக்கும் ஒரு குட்டி ஜேபெக் இருக்கும்.

அட்டையை இடையில் ஒரு மேக் கணினியில் போட்டிருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். ஒவ்வொரு படத்தின் பெயருக்கும் முன்னால் ஒரு புள்ளியும் ஒரு அடிக்கோடும் ஒட்டிய, சில கேபி மட்டுமே உள்ள போலிக் கோப்பு ஒன்று தோன்றும். மேக்கில் அது கண்ணுக்குத் தெரியாது, விண்டோஸில் தெரியும். நீட்சி ரோவுடையதே என்பதால் மென்பொருள் அதைப் படமாக நினைத்துத் திறக்கப் போய் நின்றுவிடும்.

இவை எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பிடிக்க, சைஸ் நிரலின் தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். சுருக்கப்படாத ஃபிட்ஸ் கோப்புகள் ஒரே கமராவில், ஒரே அளவில் எடுத்தவை என்றால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஒன்று மட்டும் 52 எம்பிக்குப் பதில் 31 எம்பி என்றால் அது எழுதி முடியுமுன் கரண்ட் போனதாலோ கேபிள் கழன்றதாலோ பாதியில் நின்ற கோப்பு. ரோ கோப்புகள் சுருக்கப்பட்டவை என்பதால் அளவு கூடிக்குறையும். அங்கே மிகச் சிறியதை மட்டும் சந்தேகப்பட்டால் போதும்.

தெரிவு செய்யும் விசைகள்

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கண்ட்ரோலும் ஏயும் சேர்ந்தால் எல்லாம், முதல் கோப்பைக் கிளிக் செய்து, ஷிஃப்டை அழுத்தியபடி கடைசிக் கோப்பைக் கிளிக் செய்தால் இடைப்பட்டவை எல்லாம், கண்ட்ரோலை அழுத்தியபடி கிளிக் செய்தால் ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், நீக்கலாம். அவ்வளவாகத் தெரியாதவை சில உண்டு.

கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் ஒன்றாக அழுத்திக் கிளிக் செய்தால், முதல் தொகுதி கலையாமல் இரண்டாவது தொகுதி சேரும். முகில் வந்துபோன நடுப்பகுதியை விட்டுவிட்டு 1–80, 121–240 என்று தெரிவு செய்ய இதுதான் வழி: 1ஐக் கிளிக், ஷிஃப்டோடு 80, கண்ட்ரோலோடு 121, பிறகு இரண்டையும் அழுத்தியபடி 240. கீழே இடது மூலையில் எக்ஸ்புளோரர் எத்தனை தெரிவாகியிருக்கின்றன என்று காட்டும். 200 என்று வர வேண்டும். 199 வந்தால் எங்கோ ஒன்று தவறியிருக்கிறது. கையோடு திரும்பச் செய்யுங்கள்.

கண்ட்ரோலை அழுத்தியபடி கிளிக் செய்யும்போது மௌஸ் சற்று நழுவினால், விண்டோஸ் அதை இழுத்துவிடுவதாக எடுத்துக்கொண்டு, தெரிவான கோப்புகள் முழுவதையும் அதே இடத்தில் நகலெடுத்துவிடும். 40 கோப்புகள் திடீரென 80 ஆகும். உடனே கண்ட்ரோலும் இசட்டும் அழுத்தினால் மீளும். கவனிக்காமல் விட்டால் அந்த 40 படங்களுக்கும் அடுக்கில் இரட்டைக் கனம் கிடைக்கும். செய்மதிக் கோடு ஒன்று இரண்டு தடவை வந்தால், மற்றப் படங்களிலிருந்து மிகவும் விலகி நிற்கும் புள்ளிகளை நீக்கும் சிக்மா கழிப்பும் அதை விட்டுவைக்கக்கூடும். லப்டொப்பின் டச்பேடில் வேலை செய்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். வியூ மெனுவில் ஐட்டம் செக் பொக்ஸஸ் என்பதை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு கோப்பின் அருகிலும் ஒரு கட்டம் வரும். விசை எதுவும் பிடிக்காமல் கட்டத்தைத் தொட்டுத் தெரிவு செய்யலாம்.

பல இரவுக் கோப்புறைகளில் சிதறியிருப்பவற்றை ஒன்றாகப் பிடிக்க, மேல்மட்டக் கோப்புறையில் நின்று தேடல் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, நீட்சி என்று தட்டச்சு செய்யுங்கள். உள்ளே உள்ள எல்லாக் கோப்புறைகளிலிருந்தும் வரும். அப்படி வந்ததில் டார்க்கும் ஃப்ளாட்டும் சேர்ந்தே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஃபோல்டர் நிரலைச் சேர்த்து, அதன்படி வரிசைப்படுத்திய பிறகே தெரிவு செய்யுங்கள்.

பதினைந்துக்கு மேற்பட்ட கோப்புகளைத் தெரிவு செய்து வலது கிளிக் செய்தால் "திற" என்ற வரியே காணாமல் போகும். இது பழுதல்ல, விண்டோஸ் வேண்டுமென்றே போட்ட வரம்பு. மென்பொருளை முதலில் திறந்து, அதற்குள்ளிருந்து எடுங்கள், அல்லது இழுத்துப் போடுங்கள். இழுத்துப் போட்டும் எதுவும் நடக்கவில்லை என்றால், அந்த மென்பொருளை நிர்வாகி உரிமையோடு திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படித் திறந்த சாளரத்துக்குள் சாதாரண எக்ஸ்புளோரரிலிருந்து இழுத்துப் போட விண்டோஸ் அனுமதிக்காது.

மென்பொருளின் ஓப்பன் பெட்டி

இந்தப் பெட்டியில் எண்ணிக்கை தெரியாது. அதுதான் அதன் பெரிய குறை. கீழே பெயர்ப் பெட்டியில் மேற்கோள் குறிகளுக்குள் பெயர்கள் நீளமாக வரிசையாக நிற்கும். ஷிஃப்ட் பிடித்துத் தெரிவு செய்தால் கடைசியாகக் கிளிக் செய்தது முதலில் நிற்பதும் உண்டு. பெரும்பாலான மென்பொருட்கள் உள்ளே வாங்கியபின் திரும்ப வரிசைப்படுத்தும். சில அப்படியே எடுத்துக்கொள்ளும்.

பழைய மென்பொருட்களில் இன்னொரு சிக்கல்: எல்லாப் பெயர்களையும் சேர்த்து வைத்திருக்க அவை ஒதுக்கிய நினைவிடம் சிறியது. 500 கோப்புகளைத் தெரிவு செய்து ஓப்பன் அழுத்தினால் பெட்டி மூடும், உள்ளே ஒன்றும் வராது, பிழைச் செய்தியும் வராது. நூறு நூறாகச் சேருங்கள். கோப்புப் பெயரைச் சுருக்கினாலும் உதவும்.

பெட்டியின் வலது கீழ்ப்புறத்தில் கோப்பு வகையைத் தெரிவு செய்யும் பட்டியலையும் பாருங்கள். அது ஃபிட்ஸ் என்று நின்றால் உங்கள் ரோ கோப்புகள் இல்லாததுபோலவே தோன்றும்.

சிரிலில்

ஸ்கிரிப்ட் வழியில் போவோருக்கு, தெரிவு என்பது கோப்புறையில் என்ன கிடக்கிறது என்பதுதான். ஸ்கிரிப்ட், லைட்ஸ் கோப்புறையில் படிக்கக்கூடிய படம் எது கிடந்தாலும் எடுத்துக்கொள்ளும். ஜேபெக் கிடந்தால் அதையும் சேர்த்து.

1. வீட்டுச் சின்னமுள்ள பட்டனை அழுத்தி, நான்கு கோப்புறைகளையும் தாங்கி நிற்கும் மேல் கோப்புறையைத் தெரிவு செய்யுங்கள். லைட்ஸுக்குள்ளே போய் நின்றால் ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே விழும். புதியவர்கள் செய்யும் தவறுகளில் முதலாவது இதுதான்.

2. முந்தைய முயற்சியின் பிராசஸ் கோப்புறை இருந்தால் அழித்துவிடுங்கள். முதலில் 240 படங்கள், இப்போது 200 என்றால், 201 முதல் 240 வரையான பழைய இடைநிலைக் கோப்புகள் அங்கேயே கிடந்து புதிய வரிசையோடு கலந்துவிடலாம்.

3. ஸ்கிரிப்ட்ஸ் மெனுவில் நிறக் கமராவுக்கான ஓஎஸ்சி பிரீபிராசஸிங் என்பதைத் தெரிவு செய்யுங்கள். டார்க் இல்லாவிட்டால் அதற்கென்று தனி ஸ்கிரிப்ட் உண்டு; காலியான டார்க்ஸ் கோப்புறையை வைத்துக்கொண்டு முழு ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள்.

கையால் செய்வோர் கன்வெர்ஷன் பக்கத்தில் பிளஸ் குறியை அழுத்திச் சேர்க்கலாம், அல்லது எக்ஸ்புளோரரிலிருந்து பட்டியலுக்குள் இழுத்துப் போடலாம். இழுத்துப் போடுவதே மேல்: எண்ணிக்கையை எக்ஸ்புளோரரில் பார்த்துவிட்டுத்தானே இழுக்கிறீர்கள். வரிசைக்கு ஒரு பெயர் கொடுங்கள். டிபேயர் (நிறம் பிரித்தல்) என்ற கட்டத்தில் இப்போது குறி போட வேண்டாம். நிறம் பிரித்த பிறகு டார்க், ஃப்ளாட் திருத்தம் சரியாக ஒட்டாது. ஃபிட்ஸ் கோப்புகள் என்றால் சிம்பொலிக் லிங்க் கட்டத்தில் குறி போட்டால் நகலெடுக்காமல் இணைப்பு மட்டும் உருவாக்கி இடத்தை மிச்சப்படுத்தும். அதற்கு விண்டோஸில் டெவலப்பர் மோட் இயங்கியிருக்க வேண்டும். தட்டு எக்ஸ்ஃபாட் முறையில் இருந்தால் நடக்காது.

ஆயிரக்கணக்கில் போகிறவர்கள் வெளியீட்டு வகையை ஒற்றை ஃபிட்ஸ் வரிசையாக மாற்றுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறந்து வைத்திருக்கலாம் என்பதற்கு விண்டோஸில் வரம்பு இருக்கிறது. பத்துப் பத்துச் செக்கனாக நாலைந்து இரவுகள் சேர்த்தால் அதைத் தொட்டுவிடும்.

முடிந்ததும் கொன்சோலில், வரிசையில் இருந்தவற்றில் எத்தனை படங்கள் அடுக்கப்பட்டன என்று ஒரு வரி வரும். தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிட வேண்டியது அதைத்தான்.

டீப்ஸ்கைஸ்டாக்கரில்

இந்த அடுக்கும் மென்பொருளில் லைட், டார்க், ஃப்ளாட், பயஸ் ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்தில் தனித் திறப்பு வரி உண்டு. தவறான வரியால் திறந்தால் ஃப்ளாட் லைட்டாகிவிடும். பட்டியலில் டைப் நிரலைப் பார்த்து உறுதி செய்யுங்கள். எல்லாம் ஏற்றியபின் செக் ஓல் அழுத்த மறக்க வேண்டாம். பட்டியலில் இருப்பது வேறு, குறி போடப்பட்டிருப்பது வேறு. குறி உள்ளவை மட்டுமே வேலைக்குப் போகும்.

பல இரவுகளைச் சேர்க்கும்போது கீழேயுள்ள தாவல்கள்தான் முக்கியம். மெயின் குரூப்பில் போடும் டார்க், பயஸ், ஃப்ளாட் மற்ற எல்லாக் குழுக்களுக்கும் பயன்படும். குரூப் 1இல் போடுபவை அந்தக் குழுவுக்கு மட்டும். கமராவைக் கழற்றி மாட்டினால் தூசியின் இடம் மாறிவிடும் என்பதால் ஒவ்வொரு இரவின் ஃப்ளாட்டும் அந்த இரவின் லைட்டோடு ஒரே குழுவில் இருக்க வேண்டும். ஆகவே, பொதுவான டார்க்கும் பயஸும் மெயின் குரூப்பில்; முதல் இரவின் லைட்டும் ஃப்ளாட்டும் குரூப் 1; அடுத்த இரவு குரூப் 2. தாவலை முதலில் கிளிக் செய்துவிட்டு, பிறகு திறக்க வேண்டும். தொடங்குமுன் வரும் சுருக்கச் சாளரத்தில் ஒவ்வொரு அடுக்குக்கும் எத்தனை படங்கள், மொத்த வெளிச்ச நேரம் எவ்வளவு என்று இருக்கும். அவசரத்தில் ஓகே அழுத்தித் தள்ளிவிடும் அந்தச் சாளரம்தான் கடைசிக் காவல். எல்லாம் சரியென்றால் கோப்புப் பட்டியலைச் சேமித்து வையுங்கள், அடுத்த தடவை திரும்பத் தெரிவு செய்ய வேண்டியதில்லை.

தலைப்பைப் பார்த்துப் பிரித்தல்: அஸ்டாப், பிக்ஸ்இன்சைட்

கொழும்பில் இரவிலும் வெளிவெப்பம் பெரும்பாலும் 27, 28 பாகை. குளிரூட்டும் கமராக்களில் பல வெளிவெப்பத்தைவிட 35 பாகை வரைதான் இறக்கும். −10 என்று கட்டளை கொடுத்தால் சில இரவுகளில் அது −6இலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும். கோப்புப் பெயரில் கட்டளை வெப்பநிலை இருந்து, தலைப்பில் உண்மை வெப்பநிலை வேறாக இருந்தால், பெயரைப் பார்த்துத் தெரிவு செய்தது வீண். இங்கே 0 அல்லது −5 என்று நிலையாக வைத்துக்கொண்டு, ஒரே டார்க் தொகுதியை மாதக்கணக்கில் பயன்படுத்துவதுதான் புத்தி.

அஸ்டாப் இலவசம், இந்த வேலைக்கு அருமையானது. அடுக்கும் சாளரத்தில் லைட், டார்க், ஃப்ளாட் தாவல்களில் கோப்புகளை ஏற்றி, ஆராயும் பட்டனை அழுத்தினால் வெளிச்ச நேரம், வெப்பநிலை, கெயின், பின்னிங் (பக்கத்துப் பிக்செல்களை ஒன்றாகச் சேர்க்கும் அளவு), பின்னணி, நட்சத்திரத்தின் அகலம் எல்லாம் நிரல்களாக வரும். வெப்பநிலை நிரலின் தலைப்பைக் கிளிக் செய்தால் வழிதவறியவை மேலேயோ கீழேயோ ஒதுங்கிவிடும். லைட்டிலிருந்து இரண்டு பாகைக்கு மேல் விலகிய டார்க்கின் குறியை எடுத்துவிடுங்கள்.

பிக்ஸ்இன்சைட்டின் தொகுதி ஸ்கிரிப்டில் கோப்புறையாகச் சேர்த்தால் அது உட்கோப்புறைகளையும் தோண்டி எடுக்கும். படத்தின் வகையைத் தலைப்பிலிருந்து தானே பிரிக்கும். வசதிதான். ஆனால் ஒதுக்கிய படங்களை லைட்ஸுக்குள்ளேயே ஒரு உட்கோப்புறையில் போட்டு வைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு அவை அத்தனையும் திரும்ப வந்து சேரும். ஒதுக்கியவற்றை எப்போதும் லைட்ஸுக்கு வெளியே வையுங்கள்.

எதைக் கழிப்பது, எதை விடுவது

240 படங்களையும் கண்ணால் பார்த்துத் தெரிவு செய்யலாம்தான். ஐம்பதாவது படத்துக்குப் பிறகு கண் எல்லாவற்றையும் நல்லதென்றே சொல்லும். அளவீட்டை நம்புவது மேல். சிரிலில் பொருத்தி முடிந்ததும் பிளொட் பக்கத்தில் நட்சத்திர அகலம், வட்டத்தன்மை, பின்னணி, நட்சத்திர எண்ணிக்கை ஆகியவற்றை வரைபடமாகப் பார்க்கலாம். கெட்ட புள்ளியைக் கிளிக் செய்து அந்தப் படத்தை விலக்கலாம்.

கொழும்பு வானத்தில் வரும் கோளாறுகளுக்குத் தனித்தனி முகம் உண்டு. மெல்லிய முகில் நகர வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் பின்னணி ஏறும், அதே படத்தில் நட்சத்திர எண்ணிக்கை இறங்கும். பின்னணி மட்டும் மெதுவாக ஏறி நட்சத்திரம் அவ்வளவாகக் குறையாவிட்டால் அது நிலவு எழுவது, அல்லது இலக்கு தாழ்ந்து நகர ஒளிக்குள் இறங்குவது. லென்ஸில் பனி படிந்தால் அகலம் படிப்படியாகக் கூடி, எண்ணிக்கை படிப்படியாகக் குறையும், திரும்பாது. ஈரப்பதம் கூடிய இரவில் அந்த வளைவு தொடங்கும் இடத்திலிருந்து பின்னால் உள்ள எல்லாவற்றையும் ஷிஃப்ட் பிடித்து ஒரே தொகுதியாகக் கழிக்கலாம். வட்டத்தன்மை ஒரே ஒரு படத்தில் மட்டும் சரிந்தால் காற்று, அல்லது மாடியில் யாரோ நடந்திருக்கிறார்கள்.

நட்சத்திர அகலத்தை மட்டும் நம்பினால் முகில் உங்களை ஏமாற்றும். முகிலுக்குள் மங்கிய நட்சத்திரங்கள் மறைந்து ஒருசில பிரகாசமானவை மட்டும் மிஞ்சும்போது, சராசரி அகலம் நன்றாகவே இருப்பதுபோல் காட்டும். சிரிலில் உள்ள எடையிட்ட அகலம் நட்சத்திர எண்ணிக்கையையும் சேர்த்துக் கணிப்பதால் அந்தப் படங்களைப் பிடித்துவிடும். அடுக்கும் பக்கத்தில் அதை 90 சதவீதம் என்று வைத்துத் தொடங்குங்கள். எத்தனை படங்கள் மிஞ்சுகின்றன என்று அங்கேயே காட்டும்.

கட்டுநாயக்கவுக்கு இறங்கும் விமானங்களின் கோட்டுக்காகப் படத்தைத் தூக்கி எறியாதீர்கள். பதினைந்து படங்களுக்கு மேல் இருந்தால் சிக்மா கழிப்பு கோட்டை மட்டும் அழித்துவிடும், மீதிப் பரப்பு பயன்படும். கழிக்க வேண்டியது முகிலையும் குழம்பிய நட்சத்திரத்தையும்தான். அதிலும் அளவு வேண்டும். 240இல் 40ஐக் கழித்தால் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்குமான விகிதம் ஏறக்குறைய 9 சதவீதம் குறையும். கழித்த 40 அவ்வளவு மோசமானவைதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒமேகா சென்டாரி போன்ற தென்வானப் பொருட்களுக்கு இன்னும் நிதானம் தேவை. அது கொழும்பில் உச்சத்திலேயே சுமார் 36 பாகை உயரம்தான்; கரீனா நெபுலா 23 பாகை. தடித்த காற்றுக்குள் அகலம் இயல்பாகவே கூடும் என்பதால், ஒரியன் நெபுலாவுக்கு வைத்த எல்லையை இங்கே வைத்தால் பாதிப் படங்கள் போய்விடும். அந்தந்த இலக்கின் சொந்த வரைபடத்தைப் பார்த்தே எல்லை வையுங்கள்.

வரிசை தவறக் கூடாத வேலைகள்

சாதாரண நெபுலாவை அடுக்கும்போது எது முதல், எது கடைசி என்பது பொருட்டல்ல. வால்வெள்ளி, மாறும் விண்மீன், சிறுகோள் மூன்றுக்கும் அது உயிர்நாடி. வால்வெள்ளியை அடுக்கும்போது சிரிலில் முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் அதன் கருவைக் குறித்துக் காட்டுகிறோம். இடைப்பட்ட நகர்வைப் படங்களின் நேரத்தை வைத்து மென்பொருள் கணிக்கிறது. 9999 தாண்டி எண் திரும்பிய கோப்புகள் இங்கேதான் பழிவாங்கும். பெயரால் அல்லாமல், படமெடுத்த நேரத்தால் வரிசைப்படுத்தி, எண்ணைப் புதிதாக இட்ட பிறகே ஏற்றுங்கள். எண்ணுக்கு முன்னால் பூச்சியம் சேர்க்க வேண்டும்: 1, 10, 100, 2 என்று எழுத்துவரிசையில் அடுக்கும் மென்பொருட்கள் இன்னும் இருக்கின்றன, 001, 002 என்று எழுதினால் எல்லாவற்றிலும் ஒரே வரிசைதான்.

டிஎஸ்எல்ஆர் கமராவின் கடிகாரம் நேர வலயத்தைச் சொல்வதில்லை. இலங்கை நேரத்தில் வைத்த கமராவின் படத்தை உலகப் பொது நேரமென்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், ஒளிவளைவு (விண்மீனின் பிரகாசம் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் வரைபடம்) முழுவதும் ஐந்தரை மணி தள்ளிப்போகும். அளவீட்டு வேலைக்குப் போகும் இரவில் கமராவை உலகப் பொது நேரத்துக்கே மாற்றிவிடுங்கள்.

கோள்களின் வீடியோக்களை ஓட்டோஸ்டாக்கர்ட்டில் தொகுதியாகப் போடும்போதும் எச்சரிக்கை வேண்டும். பல எஸ்இஆர் வீடியோக் கோப்புகளை ஒன்றாகத் திறந்தால் முதல் கோப்பில் நீங்கள் வைக்கும் அமைப்புகளே மற்றவற்றுக்கும் போகும். வியாழனையும் சனியையும் ஒரே தொகுதியில் தெரிவு செய்யாதீர்கள்.

எண்ணிக்கை ஒத்துப்போகாவிட்டால்

கூடியிருந்தால்: ஜேபெக், புள்ளி அடிக்கோட்டுப் போலிக் கோப்பு, கண்ட்ரோல் இழுப்பில் பிறந்த நகல், பழைய பிராசஸ் கோப்புறை என்ற ஒழுங்கில் தேடுங்கள். சரியாக இரட்டிப்பு என்றால் முதல் மூன்றில் ஒன்றுதான். ஏற்றும்போதே குறைந்திருந்தால் கோப்பு வகைப் பட்டியல், ஓப்பன் பெட்டியின் நினைவிடம், நீளமான பாதை. ஏற்றும்போது சரியாக இருந்து பொருத்தும்போது குறைந்தால் அது தெரிவின் பிழையல்ல, நட்சத்திரம் போதவில்லை. முகில் இல்லாத இரவிலும் அப்படிப் பாதிக்கு மேல் விழுந்தால் மேற்கோள் படத்தை, அதாவது மற்றவற்றைப் பொருத்துவதற்கு அளவுகோலாக எடுத்த படத்தை, பாருங்கள். முதல் படமே மேற்கோளாக அமைந்து, அது குவியம் சரிசெய்யுமுன் எடுத்த படமாக இருந்தால், மற்றவை அதோடு பொருந்த மாட்டா. பட்டியலில் நட்சத்திரம் கூடிய, அகலம் குறைந்த ஒன்றை மேற்கோளாக மாற்றித் திரும்பப் பொருத்துங்கள்.